காலி செய்யும் தேதியைத் தள்ளிக் கேட்டால்: வீட்டு ஓனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புது வீட்டில் பெயின்ட் வேலை முடியவில்லை, ஒரு பத்து நாள் தள்ளிப் போகலாமா?" குடியிருப்பவர் இப்படிக் கேட்டதும் பெரும்பாலான ஓனர்கள் சொல்வது, "அதுக்கென்ன, பார்த்துக்கலாம்." முதல் தவறே இதுதான். அவகாசம் கொடுப்பதில் தப்பில்லை. தேதி குறிக்காமல் கொடுப்பதுதான் தப்பு. எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் சாவி கைக்கு வரும் என்று வாட்ஸப்பிலாவது எழுதி, அவரிடமிருந்து 'சரி' வாங்கிவிடுங்கள். அக்ரிமென்ட்டில் குடியிருப்பவர் தரப்பில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு பேரும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பணம். கூடுதல் நாட்களின் வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்று முன்பே பேசாமல், அட்வான்ஸைத் திருப்பும்போது பேசினால் சண்டைதான். மாத வாடகை 9,300 என்றால், 30ஆல் வகுத்தால் பத்து நாளுக்கு 3,100. 31 நாள் மாதம் என்று வகுத்தால் 3,000. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் இந்த நூறுக்குத்தான் மனக்கசப்பு வரும். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதற்கும் யோசிக்காமல் தலையாட்டாதீர்கள். அப்புறம் உடைந்த குழாய்க்கும், பாக்கி கரண்ட் பில்லுக்கும் எதிலிருந்து எடுப்பீர்கள்?

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு எதுவும் எழுதாமல் முழு மாத வாடகையை வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னும் சிக்கல். பல நாடுகளின் சட்டத்தில் அது மாதாமாதம் தொடரும் புது வாடகை உறவாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். பிறகு நோட்டீஸ் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பழையவர் கிளம்பும் அன்றைக்கே புதியவருக்கு வாக்குக் கொடுப்பது அனேகமாக எல்லோரும் செய்வது. லாரி வரவில்லை என்றால் இரண்டு குடும்பமும் உங்கள் வாசலில் நிற்கும். நடுவே மூன்று நான்கு நாள் விடுங்கள். வெள்ளையடிக்கவும் அது தேவைப்படும். சாமான் போய்விட்டது என்பதாலேயே வீடு காலி என்று எண்ணவும் கூடாது. பரணில் நாலு அட்டைப்பெட்டி, கையில் ஒரு மாற்றுச் சாவி இருக்கும். எல்லாச் சாவியும் வந்து, மீட்டர் ரீடிங்கை இருவரும் பார்த்த நாள்தான் கடைசி நாள்.

சொன்ன தேதி தாண்டினால் பூட்டை மாற்றுவது, கரண்டைத் துண்டிப்பது வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அது சட்டவிரோதம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

முன்கூட்டியே போகிறேன் என்பவரிடம் நோட்டீஸ் காலம் முடியும்வரை வாடகை கேட்கலாம். அதற்குள் புது ஆள் குடிவந்துவிட்டால், அந்த நாட்களுக்கு இருவரிடமும் வசூலிக்காதீர்கள்.