மண்வேலையும் மழைநீரும்: மனையைத் தயார்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்வேலை தொடங்கும் நாளில் மனைக்கு முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் பொக்லைன் இயந்திரம்தான். மழைநீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்த மூலையில் வெளியேறுகிறது என்று அதற்கு முன் நடந்து பார்த்தவர்கள் குறைவு. பின்னால் நேரும் சேதங்களில் பல இந்த வரிசைப் பிழையிலிருந்தே பிறக்கின்றன. மேட்டுப் பக்கத்து நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால், தாழ்ந்த மூலையில் வண்டல் படிவதற்கான குட்டை, எல்லையோரத் தடுப்பு ஆகிய மூன்றும், அவற்றுக்கு வேண்டிய இடத்தை மட்டும் துப்புரவாக்கிக்கொண்டு, மற்ற நிலத்தைத் தொடுவதற்கு முன்பே அமைக்கப்பட வேண்டியவை.

வாய்க்காலைச் சரிவின் போக்கிலேயே நேராக வெட்டிவிடுவதும் அடிக்கடி காணும் தவறு. நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, கோட்பாட்டுக் கணக்கின்படி, 64 மடங்காகிறது. எனவே செங்குத்தான வெற்று மண் வாய்க்கால் நீரைக் கடத்துவதோடு தானும் அரித்துக்கொண்டு ஆழமாகும். சரிவைக் குறுக்காகத் தழுவிச் செல்லும்படி அதை வளைக்க வேண்டும். அதற்கு இடமில்லாத பகுதிகளில் அடியில் கல் பாவி, இடையிடையே தாழ்வான கல் தடுப்புகளை வைக்க வேண்டும்.

இயந்திரம் வந்துவிட்டதே என்று மனை முழுவதையும் ஒரே மூச்சில் மொட்டையடிப்பது, வாடகையை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றினாலும், நட்டத்தில்தான் முடியும். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அந்த அடியில் உடைந்து சிதறும் நுண்மண் நிலத்தின் துளைகளை அடைத்துவிடுவதால், உள்ளே இறங்க வேண்டிய நீரும் மேலேயே ஓடத் தொடங்குகிறது. அடுத்த சில வாரங்களில் வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறந்து, வேலை முடிந்த பகுதியை உடனே புல்விதைத்தோ வைக்கோல் பரப்பியோ மூடிவிடுவதே முறை.

எல்லையோரத் தடுப்பாகக் கட்டப்படும் வண்டல் தடுப்புத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் போல் பெயருக்குச் செய்யப்படும் வேலை வேறொன்று இருக்காது. துணியின் அடிப்பகுதியை ஏறத்தாழ 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் இறக்கி, மண்ணிட்டு இறுக்கியாக வேண்டும். தரையோடு தொங்கவிட்ட துணிக்கு அடியில் நீர் புகுந்து ஓடிவிடும். துணி, சரிவில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோட்டை ஒட்டிச் சென்று, இரு முனைகளும் மேட்டை நோக்கி வளைந்திருக்க வேண்டும். ஓடைக்குக் குறுக்கே அதைக் கட்டுவது வீண், ஏனெனில் பரவலாக வழியும் நீரை நிறுத்துவதற்கு மட்டுமே அது ஏற்றது. அதற்கும் மேலாக, களிமண்ணை அது பிடித்துவிடும் என்று நம்புவது பெரும் பிழை. அசையாத நீரில் 0.2 மி.மீ. மணல் 1 மீட்டர் ஆழம் இறங்க ஒரு நிமிடம் போதும், 0.002 மி.மீ. களிமண் துகளுக்கோ மூன்று நாள்கள் வேண்டும். களிமண் நிலத்தில், மண்ணை இடம்பெயரவிட்டபின் வடிகட்ட முயல்வதைவிட, அது கிளம்பாதபடி மூடிவைப்பதே மலிவு.

மேல்மண்ணை வெட்டுமண்ணோடு கலந்து நிரப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. வேர்களும் மட்கும் நிறைந்த அந்த மண், உள்ளே அழுகி, பின்னாளில் தரையை அமிழச் செய்யும். அதைத் தனியே குவித்து மூடிவைத்தால் கடைசியில் செடி வளர்ப்பதற்கு உதவும்.

நிரப்பும்போது ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிவிட்டு மேலே ரோலரை ஓட்டுவதால் மேற்பரப்பு மட்டுமே கெட்டிப்படும். வழக்கமாக 20 முதல் 30 செ.மீ. வரையிலான அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகே அடுத்ததைப் போட வேண்டும். மண் காய்ந்திருந்தாலும் சேறாக இருந்தாலும் எத்தனை முறை உருட்டியும் உரிய அடர்த்தி கிடைக்காது. ஈரத்தைச் சரிசெய்ய ஒரு நாள் காத்திருப்பதில் தவறில்லை. சரிவான நிலத்தின் மீது நிரப்புவதாக இருந்தால், முதலில் அதில் படிகள் வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லையேல் புதுமண் பழைய தரைமீது வழுக்கும்.

தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது, அந்தப் பாரத்தாலும் மழையாலும் பக்கச்சுவர் சரிய வழிசெய்யும். உள்ளே ஆள் இறங்கும் குழி என்றால் இது உயிர்ப் பிரச்சினை. குவியல் குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், ஆழமான குழிக்கு இன்னும் தள்ளி. பக்கச்சுவருக்கு முட்டுக்கொடுப்பதோ சரிவாக வெட்டுவதோ தனியே தேவைப்படும். குழியில் தேங்கிய கலங்கல் நீரைத் தெருக் கால்வாயில் நேரே இறைத்துவிடாமல் வண்டல் குட்டைக்கு அனுப்ப வேண்டும். ஊறிப்போன அடிமண்ணை அகற்றாமல் அதன் மேலேயே கான்கிரீட் போடவும் கூடாது.

இவையெல்லாம் அமைந்த பிறகும், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் யாராவது ஒருவர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். தடுப்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டல் சேர்ந்ததும் அதை அள்ளி, மீண்டும் நீரோட்டத்தில் கலக்காத மேட்டில் போட வேண்டும்.