ஆய்வு நூல் வாங்கும் முன் புரட்ட வேண்டிய பக்கம்

வரலாறு, அரசியல், தத்துவம் என்று கனமான ஆய்வு நூல் ஒன்றை வாங்கப்போகிறீர்களா? பதிப்புரிமைப் பக்கத்தை முதலில் பாருங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது வெறும் மறு அச்சா, திருத்திய பதிப்பா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வித்தியாசம் சின்னதல்ல. தேசியவாதம் பற்றி பெனடிக்ட் ஆண்டர்சன் எழுதிய 'இமாஜின்ட் கம்யூனிட்டீஸ்' 1983இல் வந்தது. 1991 பதிப்பில் இரண்டு அத்தியாயங்கள் புதிதாகச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வரைபடம், அருங்காட்சியகம் பற்றியது. ஆசிய, ஆப்பிரிக்கக் காலனிகளின் தேசியவாதம் குறித்துத் தான் முன்பு சொன்னதை அதில் அவரே திருத்திக்கொள்கிறார். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பிரதியை வாங்கினால் அந்த விவாதமே கிடைக்காது.

அப்புறம் முன்னுரை, அங்கிருந்து நேராக முடிவுரை. துப்பறியும் கதையா என்ன, முடிவு தெரிந்தால் சுவை கெட? வாதம் தெரிந்த பிறகு நடு அத்தியாயங்களில் சான்றுகளை எடைபோடுவது சுலபம். தத்துவ நூல்களுக்கு மட்டும் இது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே வாதம் படிப்படியாக நகர்வதுதான் நூலே.

சமூக இயக்கம் பற்றிய நூல் என்றால் அடிக்குறிப்புகளில் கண் வையுங்கள். காவல்துறை அறிக்கையும் அரசு ஆவணமும் மட்டும்தானா, இயக்கத்தவரின் துண்டறிக்கை, கடிதம், நேர்காணல் உண்டா? முதல் வகை மட்டும் என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம்.

விலை கட்டுப்படியாகவில்லையா? இலவச ஆய்வு நூல்களுக்கான ஓஏபென் (OAPEN), டிஓஏபி (DOAB) தளங்களில் தேடுங்கள். பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் பலவற்றின் நூல்கள் முறையான உரிமத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன.