பழைய அம்பாசடருக்கு எந்த ஸ்ப்ரே பெயிண்ட்?

மூடியின் நிறத்தைப் பார்த்துக் கேன் வாங்காதீர்கள். வண்டியில் ஏற்கெனவே என்ன பெயிண்ட் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். புதுப் பெயிண்ட் சுருங்கி எழும்பினால் பெரும்பாலும் கோளாறு அடியில்தான்.

டிக்கி மூடியின் உள்பக்கம் போல மறைவான ஓர் இடத்தில், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துத் துடையுங்கள். துணியில் நிறம் தாராளமாக இறங்கினால் அது என்.சி. பெயிண்ட். பால் ஏடு போலச் சுருங்கினால் எனாமல். அசையாமல் இருந்தால் ஹார்டனர் (பெயிண்டை இறுக்கும் திரவம்) கலந்து அடித்த பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட். 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. இடையில் எந்தப் பட்டறை எதை அடித்ததோ! பானெட், கதவு, மட்கார்டு என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

என்.சி.யோ எனாமலோ இருந்தால் அதன் மேல் பி.யு. அடிக்க வேண்டாம். பி.யு.வின் தின்னர் அடிப்பூச்சை ஊற வைத்துத் தூக்கிவிடும். தகடு தெரியும்வரை சுரண்டி எடுப்பதே புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

இனி கேன். சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் பெரும்பாலும் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. பெட்ரோல் சிந்தினால் மறுபடி இளகும். அதனால் நிறத்துக்கு மேல் அடிக்கும் கிளியர் (நிறமற்ற பூச்சு) மட்டுமாவது ஹார்டனர் உள்ள 2கே (இரு கலவை) கேனாக இருக்கட்டும். அடியிலுள்ள பொத்தானை அழுத்தியதும் ஹார்டனர் உள்ளே கலக்கும். பிறகு ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகிவிடும். கதவு முழுக்கத் தயாரான பிறகே அழுத்துங்கள். இதில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலுக்குக் கேடான வேதிப்பொருள் இருக்கிறது. துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் உதவாது. கார்பன் வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டரும் கையுறையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

ஒரு கதவுக்கு 400 மி.லி. கேன் கணக்கு: எபாக்சி பிரைமர் (தகட்டின் மேல் முதல் பூச்சு) 1, ஃபில்லர் பிரைமர் (சிறு கீறல்களை நிரப்புவது) 1, நிறம் 2, கிளியர் 2. நிறக் கேன்களை ஒரே பேட்ச் எண்ணில் ஒரே நாளில் வாங்குங்கள். முழு வண்டிக்குக் கேன் கட்டாது; கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும்தான். நிறம் பொருத்த, வெயில் படாத டேஷ்போர்டு அடிப்பகுதியைக் காட்டுங்கள். மெட்டாலிக் வேண்டாம், அந்த உருண்ட உடம்புக்குத் தட்டையான வெள்ளையும் கிரீமும்தான் அழகு. நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

ஃபில்லர் பிரைமரை 600 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். நிறக் கேனை 2 நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி மூன்று மெல்லிய கோட் அடியுங்கள். கோட்டுக்குக் கோட் 10–15 நிமிடம் இடைவெளி. கிட்டப் பிடித்தால் வழியும். தள்ளிப் பிடித்தால் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகும்.

மழை நாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து ஈரம் படியும், பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும்.