ஒரு டிக்கால் படுத்த கொம்பியூட்டர்

உவர்மலை வீட்டிலுள்ள பழைய கொம்பியூட்டரை வேகமாக்க நினைத்து, வின்டோஸின் அமைப்புக் கருவியான 'எம்எஸ்கொன்ஃபிக்'கைத் திறந்து, பூட் (தொடக்க) பகுதியின் மேலதிகத் தெரிவுகளில் 'மேக்சிமம் மெமரி'க்கு டிக் போட்டேன். பெட்டிக்குள் 0 இருந்ததைக் கவனிக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன், வின்டோஸ் ஏறவேயில்லை.

அந்தத் தெரிவு வின்டோஸ் பாவிக்கும் றாமுக்கு (வேலை நினைவகத்துக்கு) வரம்பு கட்டுவது, கூட்டுவதல்ல. பெயர் வைத்தவனுக்கு ஒரு கும்பிடு!

"அண்ணா, வின்டோஸைப் புதுசாப் போடுவமே?" என்றான் தம்பி. அம்மாவின் படங்கள் எல்லாம் உள்ளே. மாட்டேன் என்றேன்.

அவனுடைய லப்டொப்பில் 8 ஜிபி யூஎஸ்பியொன்றை வின்டோஸ் நிறுவியாக மாற்றி, அதிலிருந்து பூட் பண்ணினேன். 'இன்ஸ்டோல்' அழுத்தாமல் 'ரிப்பேர்' வழியே, கட்டளைகளைத் தட்டச்சுப் பண்ணும் கொமாண்ட் ப்ரொம்ப்ட். அங்கே, பூட் அமைப்புகளை மாற்றும் 'பிசிடிஎடிட்'டின் 'டிலீட்வேல்யூ' கட்டளையால், 'டிஃபோல்ட்' பதிவிலிருந்த 'ட்ரங்கேட்மெமரி'யை, அதாவது அந்த டிக் போட்ட வரம்பை, அழித்தேன். யூஎஸ்பியைக் கழற்றி ரீஸ்டார்ட். கடவுச்சொல் கேட்டது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.