நாலு நீமோ வாங்கப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணா, நாலு நீமோ குடுங்க. பெருசு ரெண்டு, சிறுசு ரெண்டு. அப்பா, அம்மா, ரெண்டு குட்டி." கூடவே ஒரு சின்னப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். கடைத் தொட்டியிலோ, நீமோ என்று எல்லோரும் கூப்பிடும் கிளவுன் மீன்கள் முப்பது ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிம்மதியாக நீந்தும். அதைப் பார்த்தவருக்கு நாலு மீன் வாங்குவதில் என்ன தப்பு இருக்கிறது என்றுதான் தோன்றும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்ணாரப்பேட்டை வீட்டில் முதல் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தபோது ஒரே அளவில் மூன்று ஆசெல்லாரிஸ் (கிளவுன் மீனில் ஒரு வகை) வாங்கிவந்தேன். நாலு மாதம் மூன்றும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்கின. ஐந்தாவது மாதத்தில் ஒன்று மட்டும் பம்பு குழாயின் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டி நிற்க ஆரம்பித்தது. சாப்பாடு போட்டால் வராது. வால் துடுப்பு, கிழித்துப்போட்ட காகிதம் மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. ஏதோ நோய் என்று நினைத்து மருந்து தேடினேன். அதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று புரிந்தபோது அது செத்துப்போயிருந்தது. அந்த மீனைக் கொன்றது நோயில்லை, கூட இருந்த இரண்டு மீன்கள். தெரிந்திருந்தால் முதல் நாளே தடுத்திருப்பேன் என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. இதை எழுதுவதும் அதனால்தான்.

முதல் தவறு மனசில்தான் நடக்கிறது: கிளவுன் மீனைக் குடும்பமாக நினைப்பது. கடலில், பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரி ஒன்றில் இரண்டிலிருந்து ஆறு மீன்கள் வரை சேர்ந்து வாழ்கின்றன. ஆனால் அவை அப்பா, அம்மா, பிள்ளைகள் இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் பத்து நாள் போலக் கடல் நீரோட்டத்தில் மிதந்துவிட்டு, கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே ஒரே வீட்டில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அந்நியர்கள். அந்த வீட்டில் மிகப் பெரியது பெண். அடுத்த பெரியது அதன் ஆண். மீதி எல்லாம் இனப்பெருக்கம் செய்யாமல், தன் முறை வரும்வரை வரிசையில் காத்திருப்பவை. எந்த கிளவுன் மீனும் முதலில் பெண்ணாக இருப்பதில்லை. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், வரிசையில் அடுத்தது ஆணாகப் பதவி ஏறும். பெண்ணாக மாறியது மறுபடி ஆணாக மாறாது.

இதில் என்னை அசரவைத்த விஷயம் ஒன்று உண்டு. பப்புவா நியூ கினியில் பெர்குலா கிளவுன் மீன்களைக் கவனித்த பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர், 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியது இது: வரிசையில் கீழே இருக்கும் மீன், தனக்கு மேலே இருப்பதைவிடச் சின்னதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. மேலே இருப்பதன் அளவை நெருங்கினால் அது போட்டியாளர் ஆகிவிடும், அடித்து விரட்டப்படும். அதாவது கிளவுன் மீனுக்குச் சமாதானம் என்றால் அன்பு இல்லை, அளவு வித்தியாசம். யார் பெரியவர் என்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில்தான் சண்டை இல்லாமல் இருக்கும். கடலில் விரட்டப்பட்ட மீனுக்கு ஓடிப் போக இடமாவது இருக்கிறது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்?

கடைத் தொட்டியில் முப்பது மீன் சண்டை போடாததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. எல்லாம் குட்டிகள், கூட்டம் அதிகம், தினமும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார். எந்த மீனாலும் "இது என் இடம்" என்று ஒரு மூலையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, வளர ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிடும்.

ஆகவே மூன்று, நாலு, ஐந்து என்ற எண்ணிக்கைகள்தான் மிக மோசமானவை. இரண்டு மீன் ஜோடியாகும், மீதியின் மேல் மொத்த அடியும் விழும். வீட்டுத் தொட்டிக்கு என் பதில் எப்போதும் இரண்டுதான். ஆசெல்லாரிஸ் ஜோடிக்கு இரண்டரை அடி நீளத்தில், நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி போதும். பத்துப் பன்னிரண்டு மீன் கூட்டமாக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பேட்ச் குட்டிகளை, ஒரே நாளில், பெரிய தொட்டியில் விட்டால் அடி ஒருவர் மேலேயே விழாமல் பரவிப்போகும். ஆனாலும் ஒரு ஜோடி உருவான பிறகு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, மற்றவற்றை எடுத்துவிட வேண்டிய நாள் வரலாம். எடுத்து வைக்க இன்னொரு தொட்டி இல்லாதவர்கள், அல்லது "திருப்பி எடுத்துக்குறேன்" என்று சொல்லும் கடைக்காரர் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, இரண்டுதான் வாங்குகிறோம். எந்த இரண்டு? இங்கே அடுத்த தவறு. ஜோடி என்றதும் ஒரே அளவில், நன்றாக வளர்ந்த, பளிச்சென்று இருக்கும் இரண்டைக் கை காட்டுவார்கள். இரண்டும் ஏற்கெனவே பெண்ணாகியிருந்தால் அவ்வளவுதான். வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுழலும், ஒன்று சாகிறவரை விடாது. இரண்டும் ஓர் அங்குலக் குட்டிகளாக வாங்குங்கள், அவையே முடிவு செய்துகொள்ளும். இல்லையென்றால் ஒன்று பெரியதாகவும் ஒன்று அதில் பாதி அல்லது முக்கால் அளவாகவும் வாங்குங்கள். கடையிலேயே இரண்டு மீன் மற்றவற்றை விட்டு ஒதுங்கி ஒட்டியே நீந்தினால், அந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கொஞ்சம் காசு கூடச் சொன்னாலும் கொடுக்கலாம்.

வேறு வேறு வகையைக் கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆரஞ்சு ஒன்று, கறுப்பு ஒன்று என்றால் பிரச்சினை இல்லை. கறுப்பு ஆசெல்லாரிஸும் ஆரஞ்சு ஆசெல்லாரிஸும் ஒரே இனம்தான். பெர்குலாவும் அதற்கு நெருங்கிய சொந்தம், ஆசெல்லாரிஸோடு ஜோடி சேரும். ஆனால் தக்காளி கிளவுன், கிளார்க்கி, மன்னார் வளைகுடாப் பக்கம் நம் கடலிலேயே இருக்கும் செபே, இவையெல்லாம் ஆசெல்லாரிஸைவிடப் பெரிதாக வளர்ந்து முரட்டுத்தனம் காட்டும். மரூன் கிளவுன் இன்னும் ஒரு படி மேல். தன் சொந்த இனத்திலேயே துணையைத் தவிர யாரையும் சேர்க்காத மீன் அது. கிளவுன் எல்லாம் ஒன்றுதானே என்று அதை ஆசெல்லாரிஸ் தொட்டியில் விடாதீர்கள்.

ஏற்கெனவே ஜோடியான தொட்டியில் "ஒண்ணு கூட இருக்கட்டும்" என்று மூன்றாவதை விடுவது வேண்டவே வேண்டாம். இதற்குத் தந்திரம் எதுவும் கிடையாது. முட்டையிட ஆரம்பித்த ஜோடியாக இருந்தால் கண்ணாடி துடைக்கப் போகும் உங்கள் கையையே கடிக்கும்.

நடப்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வது இன்னொன்று. பெரிய மீன் வேகமாக வரும். சின்னது உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, தலையிலிருந்து வால் வரை குளிர்ஜுரம் வந்தது போல வெடவெடவென்று நடுங்கும். பெரியது ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். முதல் முறை பார்க்கிறவர்கள் பதறிப்போய் மருந்து ஊற்றுகிறார்கள். அது நோயில்லை. "நீங்கதான் பெரியவங்க, ஒத்துக்குறேன்" என்று சின்னது சொல்கிறது. இந்த நடுக்கம் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், ஜோடி சேர்ந்துகொண்டிருக்கிறது. சின்னச் சின்னத் துரத்தலும் சகஜம். நடுங்கிப் பணிந்த பிறகும் விடாமல் துரத்துவது, துடுப்பு கிழிவது, ஒன்று மேல் மூலையிலேயே நிற்பது, சாப்பாட்டுக்கு வராமல் இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பிரியுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பிரிக்கும்போதும் ஒரு தப்பு நடக்கும். அடி வாங்கிய மீனை எடுத்து ஒதுக்குவார்கள். காயம் அதிகம் என்றால் அது சரி. இல்லையென்றால் அடித்த மீனைத்தான் எடுக்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே மாட்டும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸில் அதை நாலைந்து நாள் வைத்து, கற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு திறந்துவிடுங்கள். தன் இடம் என்று அது காத்த மூலை இப்போது இருக்காது, சின்னதும் தைரியமாகச் சுற்றிப் பழகியிருக்கும்.

கடல் சாமந்தி இருந்தால்தான் சமாதானமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் தப்பு. வீட்டில் கிளவுன் மீனுக்குச் சாமந்தி தேவையே இல்லை. வைத்தால் அதுவே காக்க வேண்டிய கோட்டையாகிச் சண்டை கூடும். பலமான விளக்கும், ஆறு மாதமாவது ஓடி நிலைத்த தொட்டியும் இல்லாமல் அது பிழைப்பதும் கஷ்டம். ஒரு மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும், ஜோடி அதைச் சொந்த வீடாக்கிக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காசிமேடு பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு கேன் கடல்தண்ணீர் எடுத்து வந்தால் உப்புச் செலவு மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய கடல் இது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததும் நாம் கண்ணால் பார்த்தவை. அந்தத் தண்ணீர் வேண்டாம். உப்பேறிய போர் தண்ணீரும் கடல்தண்ணீருக்குச் சமம் இல்லை. ஆர்ஓ தண்ணீரில் மெரைன் உப்பைக் கலந்து, உப்பளவை (தண்ணீரின் ஒப்படர்த்தியை) 1.025 அளவில் வைத்தால் போதும். மே மாதத்தில் தொட்டி முப்பத்திரண்டு டிகிரி தொடும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும் மீன்தான் அப்போது முதலில் விழும். மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரையே ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை ஒரே இடத்தில் கொட்டினால் பெரியது முன்னால் நின்று மறித்துக்கொள்ளும். இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

கடைசியாக, ஜோடியில் ஒன்று செத்துப்போனால் அவசரப்பட்டு அன்றைக்கே கொளத்தூருக்கு ஓடாதீர்கள். முதலில் எப்படிச் செத்தது என்று பாருங்கள். நோய் என்றால் தொட்டி தேற வேண்டும். செத்தது பெண் என்றால், மிச்சமிருக்கும் ஆண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துப் பெண்ணாக மாற ஆரம்பிக்கும். சில மாதங்கள் ஆகலாம். அதற்குத் துணையாக வருவது அதைவிட நன்றாகச் சின்னதாக, இன்னும் குட்டியாக இருக்க வேண்டும். கொண்டுவந்ததும் பிரீடிங் பாக்ஸில் வைத்துக் கண்ணுக்குப் பழக்குங்கள். பெட்டியின் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியது வந்து நிற்கும்போது குட்டி சாய்ந்து நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் மூடியைத் திறக்கலாம்.