லைட் செட்டிங்: ஸ்க்ரூவைத் தொடும் முன்

எதிரே வருகிறவர்கள் எல்லாம் டிம் அடித்துத் திட்டுகிறார்கள் என்று காரைக் கொண்டுவருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களில் பலர் வீட்டுச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்த்து, லைட்டின் கோணத்தை மாற்றும் ஸ்க்ரூவைத் தாங்களே திருகி செட்டிங் செய்துவிட்டு வந்தவர்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களும் நான் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தைத்தான் அதே வரிசையில் செய்கிறார்கள். டயரில் காற்று பார், லென்ஸைத் துடை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூவைத் திருகுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கடுப்பாகத்தான் இருக்கிறது. ஹெட்லைட் சும்மா இருக்கும்போது கோணம் மாறாது. மாறியிருந்தால் ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது: பல்பு சாய்ந்து உட்கார்ந்திருக்கும், பம்பர் இடித்ததில் லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்திருக்கும், பின் ஸ்பிரிங் தளர்ந்து வண்டியின் மூக்கு தூக்கியிருக்கும், டிக்கியில் யாரோ சிமென்ட் மூட்டை ஏற்றியிருப்பார்கள். காரணத்தைத் தேடாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் நல்ல செட்டிங்கைக் கெடுத்து, கெட்டதோடு பொருத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு நடந்தது இது. ஒரு கடையில் இடது பக்க எச்4 பல்பை (டிம் என்கிற தாழ்ந்த வெளிச்சத்துக்கும் பிரைட்டுக்கும் ஒன்றிலேயே இரண்டு இழை உள்ள பல்பு) மாற்றினார்கள். அன்று இரவே அந்தப் பக்கம் வெளிச்சம் மரக்கிளைக்குப் போனது. வழியில் இன்னொரு கடையில் ஒரு தம்பி ஸ்க்ரூவைத் திருகித் திருகிக் கீழே இறக்கிக் கொடுத்தான், சரியாகிவிட்டது என்று இவரும் ஓட்டினார். சில மாதம் கழித்து பல்பு போனபோது வேறொருவர் புதுப் பல்பை ஒழுங்காக மாட்டினார். இப்போது வெளிச்சம் பம்பருக்கு முன்னால் சாலையைத் தோண்டியது. சரி, மேலே ஏற்று என்று மறுபடி திருகல். கடைசியில் உள்ளே இருந்த நைலான் மூட்டு கழன்று, என்னிடம் வந்தபோது ரிஃப்ளெக்டர் (பல்பைச் சுற்றி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான கிண்ணம்) தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அந்த மூட்டு மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு அசெம்பிளிதான் மாற்ற வேண்டும். புதுசு பளிச்சென்று இருக்க, பழைய வலது பக்க லைட் மஞ்சள் பூத்துத் தெரிந்ததால் அதையும் சேர்த்து வாங்கினார். முதல் நாளே கிளிப்பைத் தளர்த்தி பல்பை எடுத்துத் திரும்ப உட்கார வைத்திருந்தால் காசே ஆகியிருக்காது!

எச்4 பல்பின் கழுத்தில் மூன்று காதுகள் உண்டு, அகலமானது மேலே வர வேண்டும். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு இருக்கிறது பாருங்கள், அது இழையின் கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பதால்தான் சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று பிரிக்கும் கூர்மையான கோடு விழுகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவே அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டது, ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடு இடம் மாறிவிடும்.

ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பு மாட்டிவிட்டு "அண்ணே, கண் கூசாத மாதிரி கொஞ்சம் இறக்கி விடுங்க" என்பவர்களுக்கும் இதுதான் பதில். இழை இருந்த இடத்திலிருந்தே வெளிச்சம் வராவிட்டால் கோடு ஒழுங்காக விழாது. கோடு இருந்தால்தானே இறக்க முடியும்? சிதறுகிற வெளிச்சத்தை எவ்வளவு இறக்கினாலும் எதிரே வருபவருக்குக் கூசும், உங்களுக்குச் சாலை தெரியாது. ரெண்டும் நஷ்டம்.

வாட்டமான தரை

நம் வீட்டு வாசல்களில் மழைத் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத்தான் தரை போடுவார்கள். காரும் சுவரும் ஒரே வாட்டத்தில் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. கார் சரிவிலும் சுவர் சமதளத்திலும் இருந்தால் எடுத்த அளவெல்லாம் வீண். டிம் கோடு 1 சதவீதம் கீழே இறங்க வேண்டும் என்றால் 5 மீட்டர் தூரத்தில் வெறும் 5 செ.மீ.தான். அந்த 5 செ.மீ.யைச் சரிவே தின்றுவிடும்.

லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 65 செ.மீ. என்றால் 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் கோடு 60 செ.மீ.யில் விழ வேண்டும். அப்படி வைத்தால் வெளிச்சம் சாலையில் சுமார் 65 மீட்டர் வரை எட்டும். பயந்துபோய் 2 சதவீதம் இறக்கினால் அது பாதியாகிவிடும். எத்தனை சதவீதம் என்பது பெரும்பாலும் லைட்டின் மேலேயோ பானெட்டுக்குள் ஸ்டிக்கரிலோ இருக்கும். அதைப் பார்க்காமல் நான் சொன்ன 1 சதவீதத்தையே எல்லா வண்டிக்கும் வைக்காதீர்கள். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

லெவலிங் சக்கரம்

உள்ளே உட்கார்ந்தபடியே லைட்டை ஏற்றி இறக்க டேஷ்போர்டில் இருக்கும் சக்கரம் இது. 0-வில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

இரண்டு வெளிச்சத்தையும் நடுவில் சேர்ப்பது

கூடாது. இரண்டு லைட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, சுவரில் இரண்டு முறிவுப் புள்ளிகளுக்கும் (டிம் கோடு வளைந்து மேலே ஏறத் தொடங்கும் இடம்) அதே இடைவெளி. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் கோடு அந்தப் புள்ளியிலிருந்து இடது பக்கமாக மேலே ஏறும். வலது பக்கம் ஏறினால் அது வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த லைட், எதிரே வருபவரின் கண்ணுக்குத்தான் போகும். எந்த ஸ்க்ரூவும் அதை மாற்றாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர்

வெளிச்சத்தைக் குறைக்கும், கோணத்தை மாற்றாது. மத்திய மோட்டார் வாகன விதி 106 பார்ப்பதே 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசக்கூடாது என்பதைத்தான்.

ஃபாக் லைட்டைத் தூக்கி வைப்பது

ஹெட்லைட் பத்தவில்லை என்று ஃபாக் லைட்டை ஏற்றச் சொல்கிறவர்கள் ஒரு தடவை கொடைக்கானல் மலைப்பாதையில் விடியற்காலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலே போகிற வெளிச்சம் மூடுபனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஃபாக் லைட் அகலமாக, தாழ்வாக, பனிக்கு அடியில் சாலையைக் காட்டத்தான் இருக்கிறது. ஹெட்லைட்டைவிட அதிகமாகவே இறங்கி இருக்க வேண்டும். நான் பெரும்பாலும் 2 சதவீதம் வைப்பேன், அதாவது 5 மீட்டரில் 10 செ.மீ. லைட் 40 செ.மீ. உயரத்தில் இருந்தால் எட்டுவது 20 மீட்டர்தான், வேகமும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும். பனி இல்லாத இரவில் அணைத்துவிடுங்கள். பக்கத்துச் சாலை பளிச்சென்று இருந்தால் கண் அதற்குப் பழகி, தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். பல வண்டிகளில் இதற்கு மேல்-கீழ் ஸ்க்ரூ மட்டும்தான் உண்டு, பம்பருக்கு அடியிலோ சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை விலக்கியோ எட்ட வேண்டும்.

முடித்ததும் சமதளத்தில் நிற்கும் ஒரு காரின் பின்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். கோடு டிக்கி மூடியைத் தாண்டி மேலே போகக்கூடாது. பின் கண்ணாடியில் ஏறினால் திரும்பவும் பல்பிலிருந்து ஆரம்பியுங்கள்.