சுருக்கும் ஒட்டோமோர்பிசமும் கோசைக்கிளும்: கொப்பியில் செய்து பார்க்கும் முறை

ஆரம்ப வகுப்பில் இனமாற்றத்துடன் கூட்டல் படித்த எல்லோரும் கோசைக்கிளைப் பார்த்தவர்கள்தான். 7 உடன் 5 ஐக் கூட்டும்போது 2 ஐ எழுதி 1 ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறோம். இதை இ(7, 5) = 1 என எழுதுங்கள். இப்போது 7, 5, 9 மூன்றையும் கூட்டுங்கள். முதல் இரண்டையும் முதலில் கூட்டினால் கொண்டுபோவது இ(7, 5) + இ(2, 9) = 2. கடைசி இரண்டையும் முதலில் கூட்டினால் இ(5, 9) + இ(7, 4) = 2. எந்த வழியில் போனாலும் கொண்டுபோவது ஒன்றாகவே வரவேண்டும். கோசைக்கிள் நிபந்தனை என்பது இவ்வளவுதான்.

வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் குரூப் தியரியும் டொப்பொலொஜியும் ஒவ்வொரு பாடம் முடித்தவருக்கு இதற்கு மேலே, கோசைக்கிளைக்கொண்டு சுருங்கும் குரூப்புகளைக் கட்டும் வரை போகச் சதுரக்கோடு போட்ட கொப்பி ஒன்று போதும். விரிவுரையில் காதில் விழும் சொற்களையே இங்கும் வைத்திருக்கிறோம். தொடை, சார்பு, தாயம் எல்லாம் பாடசாலையில் படித்தவை.

முதலில், சுருக்குகிறதா என்று பாருங்கள்

லோக்கலி கொம்பாக்ட் குரூப் ஒன்றின் ஒட்டோமோர்பிசத்தைச் சு என்போம். சுவும் அதன் நேர்மாறும் தொடர்ச்சியானவை. எந்த மூலகத்தை எடுத்தாலும், சு ஐ மீண்டும் மீண்டும் பிரயோகிக்க அது சர்வசமன் மூலகத்தை அணுகினால் சு சுருக்கும்.

ஒரே மூலகம் கொண்ட குரூப்பை விட்டால், கொம்பாக்ட் குரூப் எதிலும் இது நடக்காது. கொம்பாக்ட் தொடை முழுவதையும் சு ஒரே சீராகச் சர்வசமனை நோக்கி இழுக்கும். ஆனால் முழுக் குரூப்பும் சுவின் கீழ் தானாகவே நிற்கும். டிஸ்கிரீட் குரூப்பிலும் நடக்காது. ஆகவே வட்டத்தையும் முழுவெண்களையும் பார்த்தவுடனே தள்ளிவிடலாம்.

மெய்யெண் வெளியில், தாயத்தின் எல்லா ஐகன் பெறுமானங்களினதும் மட்டு 1 இலும் குறையவேண்டும். பி-அடிக் வெளியிலும் அதே சோதனைதான், ஆனால் மட்டு பி-அடிக் மட்டு: முதன்மை எண் பி ஆல் எத்தனை தரம் வகுபடுகிறதோ அவ்வளவு சிறியது, பி இன் மட்டு 1/பி. மாணவர் அதிகம் சறுக்குவது இங்கேதான்: அரையால் பெருக்கினால் சுருங்கும் என்பது மெய்யெண் பழக்கம். 3-அடிக் எண்களில் அரையின் மட்டு 1, எதுவும் சுருங்காது. 2-அடிக்கில் அதன் மட்டு 2, எல்லாம் விரியும். 3-அடிக்கில் சுருக்க 3 ஆல் பெருக்குங்கள்.

ஹைசன்பேர்க் குரூப்பில் மூன்று ஆள்கூறுகள், பெருக்கும்போது மூன்றாவதில் முதல் இரண்டிலிருந்து ஒரு பெருக்கமும் சேரும். அதனால் முதல் இரண்டு ஆள்கூறுகளையும் பாதியாக்கினால் மூன்றாவதைக் காலாக்கியே ஆகவேண்டும். அதையும் பாதியாக்கினால் அது ஹோமோமோர்பிசமே அல்ல.

கணிதவியலாளர் சீபெர்ட் 1986 இல் காட்டியபடி, இப்படிச் சுருங்கும் குரூப் எதுவும் இரண்டு துண்டுகளின் நேர்ப்பெருக்கம். ஒன்று தொடுத்த துண்டு, அது எளிதாய்த் தொடுத்த நில்பொட்டன்ட் லீ குரூப். மற்றது முற்றிலும் தொடுப்பற்ற துண்டு. கோசைக்கிள் வேலையில் ஆர்வமூட்டுவது இரண்டாவதுதான், இனி அதையே பார்ப்போம்.

கொப்பிக்கான உதாரணம்

0, 1 இலக்க வரிசைகளை எடுங்கள், ஒரு சதுரத்துக்கு ஓர் இலக்கம். இடங்கள் எல்லா முழுவெண்களும். வலப்பக்கம் முடிவில்லை. இடப்பக்கம் ஓர் இடத்துக்கு அப்பால் எல்லாம் 0. கூட்டல் இடத்துக்கு இடம், இனமாற்றமின்றி. சு என்பது முழு வரிசையையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளுவது. இடப்பக்க நிபந்தனையை மறந்தால் எங்கும் 1 ஆன வரிசை உள்ளே வந்துவிடும். அதை எத்தனை தரம் தள்ளினாலும் அசையாது.

அடுத்து, சு தனக்குள்ளேயே தள்ளும் கொம்பாக்ட் திறந்த உபகுரூப் வ ஒன்று வேண்டும். எதாவது ஒரு கொம்பாக்ட் திறந்த உபகுரூப் உ வை எடுங்கள். ஒரே சீராகச் சுருங்குவதால், குறித்த ஓர் எண்ணிக்கையிலோ அதற்கு மேலோ எத்தனை தரம் தள்ளினாலும் உ தனக்குள்ளேயே விழும். அந்த எண்ணிக்கை 5 என்றால், 0 முதல் 4 வரை எத்தனை தரம் தள்ளினாலும் உ க்குள் இருக்கும் மூலகங்களை மட்டும் வைத்திருங்கள். அதுதான் வ. நிபந்தனைகள் முடிவுள்ளவை என்பதால் திறந்த தன்மை போகாது. நம் வரிசைகளில் வ என்பது 0 ஆம் இடத்துக்கு இடப்பக்கம் எல்லாம் 0 ஆனவை.

வ இலிருந்து சு(வ) ஐக் கழித்தால் ஒரு வளையம் கிடைக்கும். சர்வசமனைத் தவிர்ந்த ஒவ்வொரு மூலகமும் வளையத்தின் ஏதோவொரு தள்ளலில், ஒரே ஒரு தள்ளலில் மட்டும், இருக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் ஒரு கட்டத்தை அமைத்துவிட்டால் மிச்சம் அதன் மறுபடிதான். இங்கே மறுபடி வரும் ஒவ்வொரு கட்டமும் சிறுத்துக்கொண்டே போகும்.

பிரதிநிதிகளைத் தெரிதல்

மேலே ஒரு சுருங்கும் குரூப், கீழே அதன் ஈவுக் குரூப், கேர்னல் மையத்துக்குள். கீழுள்ள ஒவ்வொரு மூலகத்துக்கும் அதன் கோசெட்டிலிருந்து ஒரு பிரதிநிதி வேண்டும். தெரிவு தொடர்ச்சியாகவும், தள்ளித் தெரிந்தாலும் தெரிந்து தள்ளினாலும் ஒன்றாகவும் இருக்கவேண்டும். முழுக் குரூப்பிலும் தெரிந்துவிட்டுப் பிறகு சுவோடு பொருத்தப் பார்த்தால் சிக்கும். கீழுள்ள வளையத்தில் மட்டும் தெரியுங்கள். மேல் குரூப்பின் கொம்பாக்ட் திறந்த உபகுரூப்புக்குத் தொடர்ச்சியான பிரதிநிதிகள் உண்டு. அந்தத் தெரிவை வளையத்தை மூடும் முடிவுள்ள எண்ணிக்கையான கோசெட்டுகளுக்கு நகர்த்துங்கள். மீதியைச் சுவால் பரப்புங்கள். சர்வசமனுக்குச் சர்வசமன்.

தொடர்ச்சி உடையக்கூடிய ஒரே இடம் சர்வசமன்தான். அங்கும் உடையாது: வளையத்தின் பிரதிநிதிகள் ஒரு கொம்பாக்ட் தொடை, அதைச் சு ஒரே சீராகச் சுருக்குகிறது. சுருக்கம் இல்லாத ஒட்டோமோர்பிசத்துக்கு இந்த வாதம் நிற்காது.

இப்போது அ வின் பிரதிநிதியையும் ஆ வின் பிரதிநிதியையும் பெருக்கி, அஆ வின் பிரதிநிதியால் வகுத்தால் வருவது கோ(அ, ஆ). அது தொடர்ச்சியான, சுவோடு பொருந்தும் கோசைக்கிள். மறுபக்கமாக, அப்படிப்பட்ட கோசைக்கிள் ஒன்றைத் தந்தால் சோடிகளில் குரூப் கட்டலாம். கேர்னலும் ஈவும் சுருங்குவதால் அதுவும் சுருங்கும்.

கட்டிப் பாருங்கள்

கேர்னலும் ஈவும் இரண்டுமே நம் இலக்க வரிசைகள். முதலில் ஒவ்வோர் இடத்திலும் கோ = அ இன் இலக்கம் × ஆ இன் இலக்கம். 0, 1 இல் இந்தப் பெருக்கம்தான் இனமாற்றம். 1 + 1 இல் மட்டும் 1 கொண்டுபோகும். ஒவ்வோர் இடத்திலும் 4 இன் மட்டில் (4 ஆல் வகுத்து வரும் மீதியாக) எண்கள் கொண்ட வரிசைகள் கிடைக்கும். கொண்டுபோனதைத் தனி வரிசையில் வைக்காமல் அதே வரிசையின் அடுத்த இடத்தில் சேர்த்திருந்தால் 2-அடிக் எண்களே வந்திருக்கும், ஆனால் அது வேறு கட்டுமானம். 0, 1 க்குப் பதிலாக 3 இன் மட்டில் இலக்கங்களை எடுத்தால் இதே பெருக்கக் கோசைக்கிள் வெறும் கோபவுண்டரி, அதாவது பிரதிநிதிகளை மாற்றித் தெரிந்தாலே இல்லாமல் போவது: கோ(அ, அ) இன் அரையை எதிர்க்குறியுடன் எடுங்கள், கரைந்துவிடும். 2 இன் மட்டில் அரை இல்லை, அதனால்தான் அங்கே கரையாது.

இனி நேர் முழுவெண்களின் தொடை ஒன்றை எடுங்கள், எதுவானாலும் சரி. கோ இன் ம ஆம் இலக்கம்: ஆ இன் ம ஆம் இலக்கத்தை, தொடையிலுள்ள ஒவ்வொரு க வுக்கும் அ இன் (ம − க) ஆம் இலக்கங்களை எடுத்து வரும் கூட்டுத்தொகையால் பெருக்குங்கள். இடப்பக்கம் அ 0 ஆகிவிடுவதால் கூட்டுத்தொகை முடிவுள்ளது. விடையை ஆ இன் இடத்தில் எழுதாமல் அ இன் இடத்தில் எழுதினால், தொடை முடிவிலியாகும்போது கூட்டுத்தொகை முடியாமல் போகும். அ, ஆ இரண்டிலும் ஏகபரிமாணமாக இருப்பதால் கோசைக்கிள் நிபந்தனை தானாக வரும்.

ஒரு தொடையில் க இருந்து மற்றதில் இல்லை என்றால், 0 ஆம் இடத்தில் மட்டும் 1 உள்ள வரிசையையும் க ஆம் இடத்தில் மட்டும் 1 உள்ள வரிசையையும் போட்டுப் பாருங்கள். இரு கோசைக்கிள்களின் வித்தியாசம் இடம் மாற்றினால் மாறும். ஈவு பரிமாற்றத்துக்குரியது, எனவே கோபவுண்டரி இடம் மாற்றினாலும் மாறாது. கோபவுண்டரி அளவில் மட்டும் வேறுபடும் கோசைக்கிள்களை ஒன்றாகச் சேர்த்தால் வருவது கோஹோமொலொஜி வகுப்பு. ஆகவே இந்த வகுப்புகள் எண்ணிட முடியாத அளவு.

அதைக்கொண்டு குரூப்புகளும் எண்ணிட முடியாதவை என்று எழுதிவிடாதீர்கள். வகுப்பு வேறானாலும் குரூப் ஒன்றாக இருக்கலாம்: கேர்னலையும் ஈவையும் அவற்றின் சொந்த ஒட்டோமோர்பிசங்களால் மாற்றி ஒரு வகுப்பை இன்னொன்றாக்கலாம். இலக்க வரிசையை, இலக்கங்களைக் குணகங்களாகக் கொண்ட அடுக்குத் தொடராகப் பார்த்தால், சுவோடு பொருந்தும் ஒட்டோமோர்பிசங்கள் பூச்சியமல்லாத தொடரால் பெருக்குவதுதான், அவையும் எண்ணிட முடியாதவை. ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் ஒன்றுக்கொன்று உருவொப்பற்ற இத்தகைய குரூப்புகள் எண்ணிட முடியாத அளவு உண்டு என்பதைக் கணிதவியலாளர்களான குளோக்னரும் வில்லிஸும் கோசைக்கிள்களைக் கொண்டே நிறுவினர். அந்த நிறுவல் இந்தப் பெருக்கல்களையும் கணக்கில் எடுத்தாகவேண்டியது.

கட்டிய குரூப்பில் வ இல் சு(வ) இன் கோசெட்டுகளை எண்ணிப் பாருங்கள். 4 வரவேண்டும், கேர்னலுக்கு 2, ஈவுக்கு 2. வேறு எண் வந்தால் தள்ளல் ஒரு வரிசையில் மட்டும் நடந்திருக்கிறது.